விவாதம்: ஊடாட்ட வடிவமைப்புக்குத் தேவை கதையா, ஒத்திகையா?

#1 · முதல்திரை

வணக்கம். டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்யும் ஆப் ஒன்றுக்கு ஊடாட்ட வடிவமைப்பு செய்கிறேன். எந்த பட்டன் எங்கே வரும், அழுத்தினால் என்ன ஆகும், அடுத்து எது திறக்கும் என்பதெல்லாம் என் பொறுப்பு.

எங்கள் குழுவில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதல் கேள்வி "யூஸரின் கதை என்ன?" என்பதுதான். சுவரில் ஸ்டோரிபோர்டு ஒட்டியிருக்கிறோம். குழந்தைக்குக் காய்ச்சல், அம்மா பதறுகிறார், ஆப்பைத் திறக்கிறார், டாக்டரைத் தேடுகிறார், நேரத்தைத் தேர்வு செய்கிறார், நிம்மதியாகப் புன்னகைக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தால், "உறுதி செய்" என்பதை அழுத்தியதும் பலர் தடுமாறுகிறார்கள். பதிவாகிவிட்டதா, இல்லையா என்று தெரியவில்லை. மறுபடி அழுத்துகிறார்கள். சிலர் பின்னால் போய் நேரத்தையே மாற்றிவிடுகிறார்கள். சுவரில் இருக்கும் கதையில் இந்த இடமே கிடையாது.

கதைக் கோட்பாடு, நாடகக் கோட்பாடு இவையெல்லாம் இந்த மாதிரி இடத்தில் கைகொடுக்குமா? இல்லை, மேலிடத்துக்கு விளக்கிச் சொல்வதற்கு மட்டும்தான் பயன்படுமா? நாடகப் பின்னணி உள்ளவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். சொல்லுங்கள்.

---

#2 · ஒத்திகைக்கூடம்

மேடை இயக்கத்திலிருந்து இந்தத் துறைக்கு வந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரிபோர்டில் நேரத்தைத் தேர்வு செய்யும் படம் ஒன்று, புன்னகைக்கும் படம் ஒன்று. நடுவே ஒரு கோடு. நீங்கள் டிசைன் செய்ய வேண்டிய நாலைந்து விநாடி அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிட்டது. சொல்லப்படும் கதை காலத்தைத் தாண்டிப் போகலாம். "மறுநாள் காலை" என்று ஒரு வரி போதும். மேடையில் அப்படி முடியாது. நடிகர் கதவைத் தட்டிவிட்டால், உள்ளேயிருந்து பதில் வரும்வரை அவர் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். கையை எங்கே வைத்துக்கொள்வார், மறுபடி தட்டுவாரா, திரும்பிப் போவாரா? இயக்குநர் இதையெல்லாம் முடிவு செய்யாமல் அடுத்த காட்சிக்குப் போக முடியாது. உங்கள் யூஸர்கள் செய்வதும் அதேதான். மறுபடி தட்டுகிறார்கள், இல்லாவிட்டால் திரும்பிப் போகிறார்கள்.

கணினியை நாடகமாகப் பார்க்கும் யோசனையை முழுசாக வளர்த்தெடுத்தவர் பிரெண்டா லாரல். நாடகம் படித்தவர், அடாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1986-இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்விலேயே இதைத் தொடங்கிவிட்டார். 1991-இல் அது விரிந்து நூலாக வந்தது. அரிஸ்டாட்டில் நாடகத்துக்குச் சொன்ன ஆறு உறுப்புகளை (செயல், பாத்திரம், சிந்தனை, மொழி, இசை, காட்சி) எடுத்துக் கணினியில் பொருத்திப் பார்த்தார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பட்டியல் அல்ல. யூஸர் பார்வையாளர் இருக்கையில் இல்லை, மேடைமேல் இருக்கிறார் என்று அவர் சொன்னதுதான். மனிதரும் இயந்திரமும் சேர்ந்து நடத்துவது ஒரே செயல். திரை அந்தச் செயலுக்கான இடம், அவ்வளவே.

யூஸரை மேடையில் ஏற்றிவிட்டால் வேலையே மாறிவிடுகிறது. அவருக்கு வசனம் கொடுக்கவில்லை, ஒத்திகையும் கிடையாது, எதிரே நிற்பவர் எப்போது பேசுவார் என்றும் தெரியாது. ஆனாலும் நேராக நடிக்க வந்துவிட்டார். இந்த நிலையில் உள்ள ஒருவருக்கு எதிரே நடிப்பவர் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் நான் ஒவ்வொரு திரைக்கும் கேட்டுக்கொள்கிறேன். கதை என்பது அவர் எல்லாம் முடிந்து வீட்டில் போய்ச் சொல்வது. அதை நாம் எழுத முடியாது. கேட்டால் பதில் வர வேண்டும், அதுவும் சரியான நேரத்தில் வர வேண்டும். நம்மால் எழுத முடிந்தது அதுதான்.

செய்முறைக்கு வருகிறேன். குழுவில் ஒருவர் ஆப்பாக நடிக்கட்டும். எதிரே ஒருவர் யூஸர். ஆப்பாக நடிப்பவர் திரையில் இருக்கும் எழுத்தை மட்டுமே பேசலாம். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லக் கூடாது. நான் இப்படி நடத்திய ஒத்திகை ஒன்றில், யூஸராக நடித்த பெண் "உறுதி செய்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்தவரைப் பார்த்தார். அவருடைய திரையில் சுழலும் வட்டம் மட்டும்தான், எழுத்து எதுவும் இல்லை. அதனால் அவர் பேசாமல் இருந்தார். இரண்டு விநாடி போனது. அந்தப் பெண் முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். பிறகு புருவம் உயர்ந்தது. பிறகு "கேட்டதா?" என்றார். எழுதிக்கொடுக்காத வசனம், தானாக வந்தது. சுற்றி நின்ற புரோகிராமர்கள் உட்பட எல்லோருக்கும் அங்கே என்ன வார்த்தை வர வேண்டும் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது.

---

#3 · படிவம்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நான் படிவங்கள் டிசைன் செய்கிறவள். உரிமம் புதுப்பிப்பது, இழப்பீடு கேட்பது, முகவரி மாற்றுவது போன்றவை. வருகிறவர்கள் யாரும் அனுபவம் தேடி வரவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று வருகிறார்கள். நாடகம், கதை என்று பேச ஆரம்பித்தால் டிசைனர்களுக்கு உடனே பாத்திரம் படைக்கும் ஆசை வந்துவிடுகிறது. திரை வாய் திறந்து பேச ஆரம்பிக்கிறது, கையசைக்கிறது, வாழ்த்துகிறது.

இது ஏற்கெனவே நடந்து முடிந்த பரிசோதனை. 1995-இல் மைக்ரோசாஃப்ட் பாப் என்ற மென்பொருள் வந்தது. கணினியின் முகப்பே ஒரு வீடு, அறைகள், கூடவே பேசும் நாய். சந்தையில் நிற்கவில்லை. அப்புறம் ஆஃபீஸ் 97-இல் அந்தக் காகிதக் கிளிப் உதவியாளர். கடிதம் எழுத உட்கார்ந்தால் "கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே" என்று வந்து நிற்கும். 2001-இல் வந்த பதிப்பில் அதைத் தானாக வராதபடி அணைத்தே வைத்தார்கள்.

நோயாளியின் அம்மாவுக்கு முன்னால் மேடை போடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

---

#4 · ஒத்திகைக்கூடம்

> திரை வாய் திறந்து பேச ஆரம்பிக்கிறது, கையசைக்கிறது, வாழ்த்துகிறது.

நாடகம் என்றால் மிகை என்று எடுத்துக்கொண்டதால் இப்படித் தோன்றுகிறது. நான் சொல்வது அதற்கு நேர் எதிர். அந்தக் கிளிப்பை ஒரு நடிகனாக வைத்துப் பாருங்கள். தன் முறை வருவதற்கு முன்னால் மேடைக்குள் நுழைகிறது. எதிரே இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கவனிப்பதில்லை. நேற்று வேண்டாம் என்று சொன்னது அதற்கு நினைவில் இல்லை. எந்த இயக்குநரும் முதல் நாளே திருத்தும் தவறுகள் இவை. முன்னால் வந்து நின்று வசனம் பேசுகிறவர்களைவிட, எதிரே இருப்பவர் பேசும்போது ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் நடிகர் கிடைப்பது கடினம். நல்ல படிவம் அந்த நடிகர்தான். உங்கள் படிவங்களில் ஒருமுறை கொடுத்த பிறந்த தேதியை மறுபடி கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதுவும் நடிப்புதான்.

---

#5 · படிவம்

கேட்க மாட்டேன். அந்தப் பொருளில் சொன்னீர்கள் என்றால் சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

---

#6 · கிளைக்கதை

விளையாட்டுகளுக்குக் கதை எழுதுகிறேன். "கதையை நாம் எழுத முடியாது" என்று #2-இல் சொன்னதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. எழுதலாம். ஆனால் அதற்கு விலை உண்டு.

கினோஆட்டோமாட் என்று ஒன்று இருந்தது. 1967 மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் காட்டினார்கள். ராதுஸ் சின்செரா உருவாக்கியது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்கும். உயிருள்ள ஒரு தொகுப்பாளர் மேடைக்கு வந்து, நாயகன் இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்பார். ஒரு பெண் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், அவள் வீட்டுக் கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே விடலாமா, வேண்டாமா? ஒவ்வொருவர் இருக்கையிலும் பட்டன்கள். பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அந்தக் காட்சி ஓடும்.

பார்வையாளர்களுக்குத் தெரியாத விஷயம் இதுதான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு பாதையும் அடுத்த கேள்விக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்துவிடும். முடிவும் ஒன்றுதான். கடைசியில் எரிகிற வீட்டைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். ஏன் இப்படி என்பதற்குக் கணக்கே காரணம் சொல்லும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி என்று வைத்து, எதையும் சேர்க்காமல் விட்டால், பத்துத் தேர்வுக்குப் பிறகு 1024 முடிவுகள் எழுத வேண்டும். யாராலும் முடியாது. அதனால் நாங்கள் எல்லோருமே கிளைகளை மடக்கித்தான் எழுதுகிறோம்.

வேறு வழியும் முயன்றிருக்கிறார்கள். 2005-இல் மைக்கேல் மாட்டியாஸும் ஆண்ட்ரூ ஸ்டெர்னும் ஃபசாட் என்ற ஊடாட்ட நாடகத்தை வெளியிட்டார்கள். ஒரு கணவன் மனைவி வீட்டுக்கு நண்பராகப் போகிறோம், அவர்களுடைய மணவாழ்க்கை நம் கண்முன்னால் உடைகிறது. நாம் என்ன வேண்டுமானாலும் தட்டச்சு செய்து பேசலாம். கதை கிளை கிளையாக இல்லை. "பீட்" என்று நாடகக்காரர்கள் சொல்லும் சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கிறது. இறுக்கம் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்து அடுத்த துண்டை மென்பொருள் தேர்ந்தெடுக்கும். நாம் சொன்னதை அது தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள் நிறைய. ஆனாலும் நாடகம் உடைவதில்லை, ஏனென்றால் சண்டை போடும் தம்பதி எதிரே இருப்பவர் சொல்வதை ஒழுங்காகக் கேட்பதில்லை! பாத்திரத்தின் குணத்துக்குள் இயந்திரத்தின் குறையை வைத்துவிட்டார்கள். எழுத்தாளனாக இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

முதல்திரை, உங்களுக்கு என் யோசனை: சர்வர் பதில் வரும்வரை காத்திருக்காமல், அழுத்தியவுடனே "பதிவாகிவிட்டது" என்று காட்டிவிடுங்கள். மெசேஜ் அனுப்பும் ஆப்கள் பலவும் இப்படித்தான் செய்கின்றன. பின்னால் ஏதாவது தவறினால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

---

#7 · படிவம்

> அழுத்தியவுடனே "பதிவாகிவிட்டது" என்று காட்டிவிடுங்கள்.

இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மெசேஜ் போகவில்லை என்றால் மறுபடி அனுப்பலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. டாக்டர் நேரம் அப்படியல்ல. அதே நொடியில் வேறொருவர் அந்த நேரத்தை எடுத்திருக்கலாம். "பதிவாகிவிட்டது" என்பதைப் பார்த்து போனைப் பைக்குள் வைத்தவர் அதன்பின் அந்தத் திரையைப் பார்க்கவே மாட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபிறகுதான் தெரியும். எரிகிற வீடு படத்துக்குள் இருக்கும்வரை பார்வையாளருக்கு நஷ்டம் இல்லை. இங்கே வீடு அவருடையது.

கூடவே, இரண்டு தடவை அழுத்துவதைத் திரையில் மட்டும் தடுத்தால் போதாது. ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் சர்வர் அதை ஒரே பதிவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். புரோகிராமர்களிடம் இதை முதலில் பேசிவிடுங்கள்.

இன்னொன்று. கதை எழுதுகிறோம் என்ற பெயரில் நடக்கும் பெரிய அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டனில் இருக்கும் எழுத்து யாருடைய வசனம்? யூஸருடையது. அவர் வாயில் நாம் வைக்கும் சொல் அது. சந்தா ஒன்றை நிறுத்தப் போனேன். "தொடர்கிறேன்" என்று ஒரு பட்டன், கீழே மங்கலான எழுத்தில் "வேண்டாம், எனக்குச் சலுகைகளில் அக்கறை இல்லை" என்று இன்னொன்று. நான் அப்படி நினைக்கவே இல்லை. ஆனால் வெளியே போக வேண்டுமானால் அந்த வசனத்தை என் கையாலேயே பேசியாக வேண்டும். அதை அழுத்தினால் "போவதற்கு முன்" என்று இன்னொரு திரை. இப்படிப்பட்ட தந்திரங்களுக்கு 2010-இல் ஹாரி பிரிக்னல் "டார்க் பேட்டர்ன்" என்று பெயர் வைத்துத் தொகுக்க ஆரம்பித்தார். கதையின் இழுவிசை தெரிந்தவர்களால்தான் இவ்வளவு நன்றாக மிரட்ட முடிகிறது. அதனால்தான் இந்த இழையின் தலைப்பைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது.

---

#8 · கிளைக்கதை

உடனே காட்டும் யோசனையை இந்த ஆப்புக்கு நான் வலியுறுத்தவில்லை. பட்டன் எழுத்து யூஸரின் வசனம் என்று நீங்கள் சொன்னது மிகச் சரி. நாங்கள் உரையாடல் தேர்வு எழுதும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்: விளையாடுகிறவர் மனதில் இருக்கும் பதில் இந்தப் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த நொடியே பாத்திரம் வேறு, அவர் வேறு என்று ஆகிவிடும்.

---

#9 · செவிவழி

பார்வையில்லாதவன், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் வழியாகத்தான் எல்லா வேலையும் செய்கிறேன். இதுவரை நீங்கள் பேசியது முழுக்கக் கண்ணுக்கான மேடை. என் மேடை எப்படி என்று சொல்கிறேன்.

எனக்குத் திரை ஒரே சமயத்தில் தெரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. தலைப்பு, பிறகு டாக்டர் பெயர், பிறகு தேதி, பிறகு "உறுதி செய், பட்டன்". அழுத்துகிறேன். உங்களுக்குச் சுழலும் வட்டமாவது தெரியும். எனக்கு ஒன்றுமே இல்லை. பட்டன் இருந்த இடத்தில் வட்டத்தை வைத்துவிட்டு பட்டனையே நீக்கிவிட்டால் இன்னும் மோசம்: ஃபோகஸ், அதாவது பக்கத்தில் நான் நிற்கும் இடம், தொலைந்துவிடும். அடுத்த தடவை விசையை அழுத்தினால் பக்கத்தின் உச்சியில் மருத்துவமனையின் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். பதிவானதா என்று தெரிந்துகொள்ள முழுப் பக்கத்தையும் திரும்பக் கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. "லைவ் ரீஜன்" என்று பக்கத்தில் ஓர் இடத்தைக் குறித்து வைத்தால், அங்கே எழுத்து மாறும்போது ஸ்கிரீன் ரீடர் தானாகப் படித்துச் சொல்லும். அதில் இரண்டு வகை. "பொலைட்" என்று குறித்தால், இப்போது படித்துக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுச் சொல்லும். "அசர்ட்டிவ்" என்று குறித்தால், நடுவே புகுந்து பேசும். யார் எப்போது குறுக்கே பேசலாம் என்பதை டிசைனர் இங்கே நேராக எழுதி வைக்கிறார். ஒத்திகைக்கூடம் சொல்லும் முறை தவறி நுழையும் நடிகரை நான் தினமும் கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் "அசர்ட்டிவ்" போட்டுவிடுவார்கள். நான் தேதியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது "உங்கள் பாஸ்வேர்டு வலுவாக உள்ளது" என்று ஒரு குரல் குறுக்கே பாயும்.

முதல்திரை, "பதிவு செய்கிறோம்" என்பது பொலைட்டாகவே வரட்டும். "அந்த நேரம் இப்போது இல்லை" என்பது மட்டும் குறுக்கிட்டு வரலாம்.

---

#10 · ஆய்வுமேசை

செவிவழி சொன்னதிலிருந்து இன்னொரு பக்கம் திறக்கிறது. யூஸர் நடிக்கிறார் என்றால், சில சமயம் அவரைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். காத்திருப்பு அறையில் போனைப் பார்த்து "தோல் மருத்துவர்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தால், அது பக்கத்து இருக்கைக்கும் கேட்கும்.

ஸ்டூவர்ட் ரீவ்ஸ், ஸ்டீவ் பென்ஃபோர்டு முதலிய நால்வர் 2005-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. யூஸர் செய்யும் அசைவு ஒன்று, அதனால் வரும் விளைவு ஒன்று. பார்ப்பவர்களுக்கு இவற்றில் எது தெரிகிறது? இரண்டுமே மறைந்திருந்தால் ரகசியம்: ஏடிஎம்மில் பின் எண் போடுவது போல. இரண்டுமே தெரிந்தால் வெளிப்பாடு: இசைக் கருவி வாசிப்பவர் மாதிரி. விளைவு மட்டும் தெரிந்து அசைவு மறைந்திருந்தால் மாயாஜாலம். அசைவு மட்டும் தெரிந்து விளைவு மறைந்திருந்தால் ஒருவிதப் பதைப்பு. தலையில் விஆர் கருவி மாட்டிக்கொண்டு கையை வீசுகிறவரைப் பார்க்கும்போது நமக்கு வருவது அதுதான்.

மருத்துவ ஆப்பில் ஒவ்வொரு திரைக்கும் இந்த நான்கில் எது என்று கேட்டாலே நிறைய முடிவுகள் தானாக விழும். எந்தப் பிரிவு டாக்டர் என்பது ரகசியமாக இருக்கட்டும். வரிசை எண் வெளிப்படையாகவே இருக்கலாம்.

---

#11 · முதல்திரை

எல்லோருக்கும் நன்றி. ஆப்பாக ஒருவரை நடிக்கவைக்கும் ஒத்திகையை நடத்திப் பார்க்க முடிவு செய்துவிட்டோம். ஒரு சந்தேகம். ஆப்பாக நடிப்பவர் மனிதர்தானே. எதிரே இருப்பவர் குழம்புவதைப் பார்த்தால் உதவி செய்யத்தான் தோன்றும். அதை எப்படித் தடுப்பது?

---

#12 · ஆய்வுமேசை

மிக முக்கியமான கேள்வி. இதற்கான பதில் ஒரு ஜெராக்ஸ் இயந்திரத்தில் இருக்கிறது.

லூசி சச்மன் மானுடவியல் ஆய்வாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்தவர். உதவிக் குறிப்புகள் காட்டும் நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றை இரண்டு இரண்டு பேராகப் பயன்படுத்தச் சொல்லி வீடியோ எடுத்தார். 1987-இல் அது நூலாக வந்தது. அந்த வீடியோக்களை அவர் எழுத்தில் பதிந்த விதம்தான் உங்களுக்குத் தேவை. தாளை நெடுக்காக நான்கு பத்திகளாகப் பிரித்தார். முதல் பத்தியில், யூஸர் செய்வதில் இயந்திரத்துக்குத் தெரியாதவை: தங்களுக்குள் பேசிக்கொள்வது, தயங்குவது, மூடியைத் தூக்கிப் பார்ப்பது. இரண்டாவது, இயந்திரத்துக்குத் தெரிபவை: பெரும்பாலும் பட்டன் அழுத்தல்கள் மட்டும். மூன்றாவது, இயந்திரம் யூஸருக்குக் காட்டுபவை. நான்காவது, டிசைனர் மனதில் இருந்த நியாயம்.

படித்துப் பார்த்தால் முதல் பத்தி நிரம்பி வழியும், இரண்டாவது வெறிச்சோடிக் கிடக்கும். இயந்திரம் அந்த ஒல்லியான இரண்டாவது பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்து அடுத்த கட்டளையைக் கொடுக்கிறது.

ஆகவே ஆப்பாக நடிப்பவரை ஒரு தடுப்புக்குப் பின்னால் உட்காரவையுங்கள். யூஸரின் முகம் அவருக்குத் தெரியக் கூடாது. யூஸர் எதை அழுத்தினார் என்பது மட்டும் ஒரு சீட்டில் எழுதி அவரிடம் போகட்டும். அவர் பதிலும் சீட்டில் வரட்டும். வெளியே இருப்பவர்கள் நான்கு பத்தித் தாளை நிரப்பட்டும்.

மனிதரை இயந்திரமாக நடிக்கவைப்பது பழைய உத்திதான். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜான் கௌல்டு குழுவினர் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் கருவியைச் சோதித்தார்கள். கருவி அப்போது இல்லவே இல்லை. தட்டச்சாளர் ஒருவர் மறைவில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி 1996-இல் வருவதற்கு முன்பு ஜெஃப் ஹாக்கின்ஸ் அதே அளவு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது எடுத்து அதில் எழுதுவது போல நடித்துப் பார்த்தார். இங்கே யூஸர் பாத்திரத்தையும் அவரே எடுத்துக்கொண்டார்.

இன்னொரு எச்சரிக்கை. ஆள் இருப்பதாகத் தோன்றிவிட்டால் யூஸர்கள் தாராளமாகிவிடுவார்கள். எம்ஐடியில் ஜோசஃப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட எலைசா நிரல், பெரும்பாலும் நாம் சொன்ன வாக்கியத்தையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கியது. ஆனாலும் எலைசாவுடன் பேசத் தொடங்கிய அவருடைய செயலர், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அறையைவிட்டு அனுப்பினார். எழுதியவர் யார் என்று தெரிந்தும் அப்படி. எதிரே உள்ள நடிகர் எவ்வளவு குறைவாகச் செய்தாலும் மீதியை மனிதர்களே நிரப்பிக்கொள்கிறார்கள். ஒத்திகையில் இது உங்கள் பிழைகளை மறைத்துவிடும்.

---

#13 · ஒத்திகைக்கூடம்

நேரத்தையும் அதே தாளில் குறியுங்கள். ராபர்ட் மில்லர் 1968-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார், ஜேக்கப் நீல்சன் பிறகு பரவலாக்கினார்: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் நம் கையாலேயே செய்தது போலிருக்கும். 1 விநாடி வரை யோசனை அறுபடாது. 10 விநாடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். உங்கள் "உறுதி செய்" ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே மௌனம் கூடாது.

---

#14 · முதல்திரை

ஒத்திகை முடிந்தது. விவரம் சொல்கிறேன்.

தடுப்புக்குப் பின்னால் எங்கள் புரோகிராமர் உட்கார்ந்தார். முதல் பத்தியில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. "உறுதி செய்" சொல்வதற்கு முன்பே எல்லோரும் கொஞ்சம் நின்றார்கள். ஒருவர் விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மேலே தேதிப் பக்கம் ஓட்டினார். இன்னொருவர் "வியாழன்தானே?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். சர்வர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் பிரச்சினை என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். தயக்கம் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. எதை உறுதி செய்கிறோம் என்ற நிச்சயம் இல்லாமல் அழுத்துகிறார்கள். அதனால்தான் பதில் தாமதமானால் உடனே பின்னால் போய்ப் பார்க்கிறார்கள்.

படிவம் சொன்ன வசன விஷயத்தை எடுத்துக்கொண்டு, பட்டனில் "வியாழன் காலை 10:30-க்கு வருகிறேன்" என்று எழுதி மறுபடி ஓட்டினோம். நிற்பது குறைந்தது. அழுத்தியபின் அதே இடத்தில் "வியாழன் 10:30-ஐ உங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று வருகிறது; பட்டன் நீக்கப்படுவதில்லை, ஃபோகஸும் அங்கேயே. சர்வர் பக்க மாற்றமும் செய்கிறார்கள்.

---

#15 · படிவம்

நல்ல வாக்கியம். ஒரே ஒரு திருத்தம்: குழந்தைக்காக அம்மா பதிவு செய்யும்போது "வருகிறேன்" பொருந்தாது. யாருக்காகப் பதிவு என்பதைப் பொறுத்து வசனம் மாற வேண்டும்.

---

#16 · ஒத்திகைக்கூடம்

அடுத்த கட்டமாக அகஸ்டோ போவால் முறையைப் பாருங்கள். பிரேசில் நாடகக்காரர், 2009-இல் காலமானார். அவருடைய மன்ற அரங்கு என்ற நாடக முறையில் ஒரு சிக்கலை நடித்துக் காட்டுவார்கள். மறுபடி நடிக்கும்போது பார்வையாளர் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, அந்தப் பாத்திரத்தைத் தானே எடுத்து வேறு மாதிரி நடத்திப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஆலன் நியூவெல் குழுவினர் முதியோருக்கான தொழில்நுட்பத்தை வடிவமைக்க நாடகத்தை இப்படிக் கையாண்டார்கள். தொழில்முறை நடிகர்கள் காட்சியை நடத்த, முதியவர்கள் நடுவே நிறுத்திப் பேசினார்கள். "உங்களுக்கு இது கஷ்டமா?" என்று நேரே கேட்டால் பலர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். பாத்திரம் தடுமாறும்போது அந்தத் தயக்கம் இல்லை. அந்த ஆளுக்காகப் பரிந்து பேசுவார்கள்.

---

#17 · செவிவழி

இதில் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். பார்வையில்லாத யூஸர் பாத்திரத்தை நடிக்க யாரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டாம். கண்ணைக் கட்டிக்கொண்டவர் முதல் பத்து நிமிடத்துப் பதற்றத்தைத்தான் நடிப்பார். எனக்கு அந்தப் பதற்றம் கிடையாது. நான் இதை வருடக்கணக்காகச் செய்கிறவன், உங்களால் பின்தொடர முடியாத வேகத்தில் கேட்கிறேன். நீங்கள் நடித்துக் கண்டுபிடிக்கும் சிக்கல்கள் வேறு, என்னுடையவை வேறு. அந்தப் பாத்திரத்துக்கு ஆளையே கூப்பிடுங்கள், வேலைக்கான ஊதியத்தோடு.

முதல்திரை, உங்கள் குழுவுக்குச் சம்மதம் என்றால் அடுத்த ஒத்திகைக்கு நான் வருகிறேன். நான்கு பத்தித் தாளைப் படமாக அனுப்பாமல், தலைப்புகளோடு கூடிய அட்டவணையாக எழுத்தில் அனுப்புங்கள். ஒத்திகையின்போது ஆப்பின் பதிலைச் சீட்டில் கொடுத்தால் என்னால் படிக்க முடியாது, யாராவது வாசிக்க வேண்டும். வாசிப்பவர் என் வேகத்தில் வாசிக்கட்டும், நான் கை உயர்த்தினால் பாதி வார்த்தையிலேயே நிறுத்தட்டும். ஸ்கிரீன் ரீடர் அப்படித்தான் நிற்கும்.

---

#18 · முதல்திரை

சம்மதம். அட்டவணையை இன்று மாலைக்குள் தனிமடலில் அனுப்புகிறேன். வாசிப்பவர் வேகத்துக்குப் பழகிக்கொள்ள, உங்கள் ஸ்கிரீன் ரீடர் எங்கள் முன்பதிவுப் பக்கத்தைப் படிப்பதை ஒலிப்பதிவாக அனுப்ப முடியுமா? "யாருக்காகப் பதிவு" என்ற கேள்வியை டாக்டர் தேர்வுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டோம், படிவம் சொன்னபடி பட்டன் வசனமும் அதற்கேற்ப மாறும். அந்தப் புது வரிசையில் பதிவு செய்து அனுப்புங்கள்.